கொடும்பாவிக்குப் போட்ட சட்டை

பிள்ளைகளா,

உங்கள் அப்பத்தாவை நடுவீட்டில் கிடத்தியிருந்த அன்று, குளிப்பாட்ட வந்த பெண்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டார்கள். "நெத்திக்கு என்னப்பா வைக்கிறது? குங்குமமா, திருநீறா?" நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிறேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது இல்லை. அந்தக் கேள்வி எனக்குப் புதிது அல்ல. சின்னப் பிள்ளையில் ஒரு வருஷம் முழுக்க அந்தக் கேள்விக்குள்தான் நாங்கள் குடியிருந்தோம். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, முன்னே பின்னே இருக்கும். என் வயதுக்காரர்கள் யாராவது படித்தால், "ஆமா, அப்படித்தான் கிடந்தோம்" என்பார்கள். உங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கலாம்.

உங்கள் அப்பத்தாவை நான் ஆத்தா என்று கூப்பிடுவேன். இந்தக் கதையிலும் ஆத்தா என்றே எழுதுகிறேன்.

சண்டைக் காலம் அது. அப்பா ரங்கூன் பக்கம் ஒரு அரிசி மில்லில் வேலையாக இருந்தார். நம் பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து அப்போது வீட்டுக்கு ஒருவர் அங்கே கிடந்தார்கள். அப்பாவை நான் மொத்தமாகப் பார்த்ததே கொஞ்ச நாள்தான். முகம் சரியாக நினைவில்லை. நினைவில் இருப்பது ஒரு சட்டை. பச்சையும் வெள்ளையும் வரி போட்ட, தடித்த துணிச் சட்டை. கடைசியாக வந்தபோது போட்டிருந்துவிட்டு, "ஊரு வெக்கைக்கு ஆகாது" என்று விட்டுப்போனார். அதில் ஒரு பொத்தான் அறுந்துபோய், ஆத்தா என் கால்சட்டைப் பொத்தானை எடுத்துக் கறுப்பு நூலால் தைத்திருந்தாள். மற்றதெல்லாம் வெள்ளை, அது மட்டும் காப்பிக்கொட்டை நிறம். தகரப் பெட்டியைத் திறந்தால் அந்தச் சட்டையில் புகையிலையும் வேர்வையும் கலந்து ஒரு வாசம் வரும். நானும் தங்கச்சியும் ஆத்தாவுக்குத் தெரியாமல் பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்போம். எங்களுக்கு அப்பா என்றால் அந்த வாசம்தான்.

ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அங்கிருந்து எல்லாரும் காட்டுவழியாக நடந்தே கிளம்பிவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. பிறகு பேச்சும் நின்றுபோனது. சித்திரை வெயிலில் ஒரு நாள், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தார். அப்பாவோடு அதே மில்லில் இருந்தவர். ரங்கூன்காரர் என்போம். கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. பெரியப்பா ஓடி வந்தார். பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன், எங்களுக்கு அடுத்த வீடு. ஆத்தா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"ஒரு ஆத்தங்கரை வரைக்கும் ஒண்ணாத்தான் வந்தோம். ஒங்க தம்பிக்குக் காய்ச்சல். ஒரு மரத்தடியில ஒக்காந்துட்டாக. 'நீங்க போய்க்கிட்டே இருங்க, காய்ச்ச எறங்குனதும் வந்து சேர்ந்துக்கிறேன்'னாக" என்றார் ரங்கூன்காரர்.

"அப்புறம்?" என்றார் பெரியப்பா.

"அப்புறம் நான் திரும்பிப் பாக்கல. திரும்பிப் பாத்தா அந்தக் காட்டுல நடக்க முடியாது."

கதவுக்குப் பின்னாலிருந்து ஆத்தா கேட்டாள்: "அண்ணே, ஒக்காந்திருந்தாகளா, சாஞ்சிருந்தாகளா?"

"ஒக்காந்துதான் தங்கச்சி."

"கண்ணு?"

"தொறந்துதான் இருந்துச்சு. கையக் காட்டி என்னையப் போகச் சொன்னாக."

ஆத்தா உள்ளே போய்க் கேப்பைக் கூழ் கரைத்து, இரண்டு வெங்காயத்தோடு அவருக்குக் கொடுத்தனுப்பினாள். பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி இருந்தார். உட்கார்ந்தவர் செத்துப்போனார் என்பது அவர் கணக்கு. உட்கார்ந்தவர் உட்கார்ந்திருந்தார், அதற்கு மேல் தெரியாது என்பது ஆத்தா கணக்கு. கேட்டது ஒரே சேதி, ஒரே வாசலில், ஒரே நேரத்தில்.

அன்றிலிருந்து ஆத்தா தலையில் பூ வைக்கவில்லை. பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. நான் இதைக் கவனிக்கவில்லை. ஊர் கவனித்தது. கிணற்றடியில் ஒருத்தி கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"என்னடி, இன்னைக்குப் பொட்டு கொஞ்சம் பெருசா இருக்கு? ரங்கூன்ல இருந்து தந்தி வந்துச்சோ?"

"பொட்டு இருக்குல்ல, அப்ப பூ எங்கடி? ஒண்ணு சுமங்கலியா இரு, இல்ல அறுத்துப் போடு. இது என்னடி ரெண்டுங்கெட்டான் வேசம்" என்றாள் இன்னொருத்தி.

ஆத்தா வாளியை இழுத்துக்கொண்டே சொன்னாள்: "காலம் ரெண்டுங்கெட்டுக் கெடக்கு. நான் மட்டும் எப்புடி மதினி ஒண்ணா இருக்குறது?"

அந்த வருஷம் மழை இல்லை. சித்திரையிலும் இல்லை, ஆடியிலும் இல்லை. கண்மாய் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பில் என் கை முழங்கை வரை போகும். உங்களுக்கு இப்போது பம்புசெட்டு இருக்கிறது. அப்போது நம் பக்கத்தில் புழுதி விதைப்புத்தான். மழை வருவதற்கு முன்பே காய்ந்த நிலத்தைப் புழுதியாக உழுது, நெல்லைத் தூவி, மறுபடி உழுது மூடிவிடுவார்கள். மழை வந்தால் முளைக்கும். வராவிட்டால் எறும்பு தின்னும். இதில் மோசமானது அரை மழை. ஒரு தூறல் தூறி, முளையை வெளியே இழுத்துவிட்டு, பிறகு வெயில் அடித்தால் அத்தனையும் கருகிப்போகும். அதற்கு முந்தின வருஷம் அப்படித்தான் கருகியது. அதனால் இந்த வருஷம் ஆவணி முடிகிற நேரத்திலும் யாருக்கும் விதையில் கை வைக்கத் துணிவு இல்லை. வீட்டு வீட்டுக்கு வைக்கோலில் கட்டிய விதைநெல் மூலையில் கிடந்தது. பசித்த பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே படுத்தோம்.

மழை ஏன் வரவில்லை என்று ஊரில் யோசித்தார்கள். யோசித்து யோசித்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். செத்தவனுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. அவன் தாகத்தோடு அலைகிறான். அதனால்தான் மேகம் இறங்கவில்லை. இதை யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. ஊர்த்தலைவர் அம்பலக்காரர் சொன்னபோது அது முடிவாகிவிட்டது. புல்லில் பொம்மை செய்து, அதை அப்பாவாகப் பாவித்து எரித்து, கருமாதி செய்துவிடு என்று பெரியப்பாவை நெருக்கினார்கள்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் உங்களுக்கு இனி வருவது புரியும். ஆத்தா, கணவனின் அண்ணனான பெரியப்பாவோடு நேராகப் பேசமாட்டாள். எதிரில் நிற்கவும் மாட்டாள். பேச்செல்லாம் என் வழியாகத்தான். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பேன். அவர்கள் பேசுவது இரண்டு பேருக்குமே நன்றாகக் கேட்கும்.

"ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லு. அவன் எந்தம்பி. ஒரு பிடி எள்ளும் தண்ணியும் எறைக்காம என்னால சோறு திங்க முடியல."

"ஒங்க பெரியப்பாகிட்டச் சொல்லு. உசுரோட இருக்குறவுகளுக்கு எள்ளெறைச்சா அது யாரு தலையில விடியும்?"

"உசுரோட இருந்தா இந்நேரம் ஒரு கடுதாசி வராதா? கேளுடா."

"செத்திருந்தாலும் சொல்ல ஒரு ஆளு வரணும்ல? கேளுடா."

நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நடுவில் நின்றுகொண்டே இருந்தேன்.

புரட்டாசி பிறந்ததும் ஊரில் கொடும்பாவி கட்டுவது என்று முடிவானது. பஞ்ச காலத்தில் வைக்கோலால் ஒரு ஆள் செய்து, தலைக்குச் சட்டியைக் கவிழ்த்து, காலில் கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுப்பார்கள். ஊர்ப் பாவமெல்லாம் அதன் தலையில். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் சுடுகாட்டில் நிஜப் பிணத்துக்குச் செய்கிற மாதிரியே செய்து கொளுத்துவார்கள். கொடும்பாவிக்கு முன்னால் ஒரு பையன் நெருப்புச் சட்டி தூக்கிப் போகவேண்டும்.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "டேய், நீதான் சட்டி தூக்கப்போற."

எனக்குத் தலை கால் புரியவில்லை. அத்தனை பையன்களில் என்னை! மேளத்துக்குப் பின்னால், எல்லாருக்கும் முன்னால்! ஆத்தா விறகு பொறுக்கப் போயிருந்தாள். நான் ஈர வேட்டியைக் கட்டிக்கொண்டு, புகைகிற சட்டியை உறியில் தூக்கிக்கொண்டு நடந்தேன். பொடியன்கள் பொறாமையில் ஓரமாக ஓடிவந்தார்கள். அதில் ஒருத்தன் கத்தினான்: "எங்க ஆத்தா என்னைய விடல. அப்பன் இல்லாத பயதான் தூக்கணுமாம்டா!"

எனக்கு உடனே உறைக்கவில்லை. நாலு வீடு தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். அதுவரை முன்னால் மட்டுமே பார்த்து நடந்திருக்கிறேன்.

தெருப் புழுதியில் மல்லாந்து இழுபட்டு வருகிறது கொடும்பாவி. பச்சையும் வெள்ளையும் வரி போட்ட சட்டை. நெஞ்சில் காப்பிக்கொட்டை நிறப் பொத்தான். கழுத்துப் பக்கம் வைக்கோல் பிதுங்குகிறது. கை இரண்டும் தலைக்கு மேல் போய், "போங்க, போங்க" என்று காட்டுகிற மாதிரி ஆடுகின்றன. பெண்கள் அதைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு வருகிறார்கள்.

நான் நின்றுவிட்டேன். மேளக்காரர் திரும்பி வந்து முதுகில் இடித்து, "நடடா தம்பி" என்றார். பெரியப்பா பக்கத்தில் வந்து, ரொம்ப மெதுவாக, கெஞ்சுகிற குரலில், "நடடா என் ராசா. இன்னும் கொஞ்சம்தான். இதோட எல்லாம் முடிஞ்சிரும்" என்றார்.

தங்கச்சி ஓடிப்போய் ஆத்தாவிடம் சொல்லியிருக்கிறாள். விறகுக் கட்டைப் பாதி வழியில் போட்டுவிட்டு ஆத்தா தெருவுக்குள் வந்தாள். கூட்டம் தானாக விலகியது. அவள் யாரையும் பார்க்கவில்லை. புழுதியில் மண்டி போட்டு, கொடும்பாவியின் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தூங்குகிற பிள்ளைக்குக் கழற்றுகிற மாதிரி. வைக்கோல் கை உள்ளே மாட்டிக்கொண்டது. அதையும் பிய்க்காமல் உருவி எடுத்தாள்.

அம்பலக்காரர் குரல் கொடுத்தார்: "ஏத்தா, இது ஊரு காரியம். பொம்பள குறுக்க வரக்கூடாது."

ஆத்தா என்னைப் பார்த்துச் சொன்னாள். பெரியப்பா ஒரு முழத்தில் நின்றார். "டேய், ஒங்க பெரியப்பாகிட்டச் சொல்லு. ஊரு காரியத்துக்கு ஊரு துணியப் போடட்டும். இது எங்க வீட்டுத் துணி. அந்தச் சட்டியக் கீழ வையி."

பெரியப்பாவும் என்னைப் பார்த்தே சொன்னார். குரல் உடைந்துபோயிருந்தது. "ஒங்க ஆத்தாகிட்டக் கேளு. இன்னும் எத்தன காலத்துக்கு இப்படி அந்தரத்துல தொங்குறது?"

"தெரியலன்னு சொல்லு" என்றாள் ஆத்தா.

நான் சட்டியைக் கீழே வைத்தேன். அம்பலக்காரர் யாரோ ஒருவரின் கிழிந்த துண்டைப் பொம்மை மேல் போர்த்தச் சொன்னார். வேறொரு தகப்பனில்லாப் பையன் சட்டியைத் தூக்கினான். மேளம் போய்விட்டது. பெரியப்பா கூட்டத்தோடு போகவில்லை. கண்மாய்க் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அன்றைக்கு அழலாம் என்று அந்த மனுஷர் தயாராக வந்திருக்கிறார். நெருப்பு வைத்தால் அழலாம், அழுதால் தூங்கலாம் என்று. அதை ஆத்தா பிடுங்கிக்கொண்டாள். இப்போது இந்த வயதில் யோசித்தால் அவர் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. ஆத்தா இல்லாத நேரம் பார்த்து அவர் பெட்டியிலிருந்து சட்டையை எடுத்துக் கொடும்பாவிக்குப் போட்டது தப்புத்தான். ஆனால் தெரியாமல் இருப்பதைத் தாங்க முடியாமல் செய்த தப்பு.

மறுநாள் விடிந்ததும் ஆத்தா அந்தச் சட்டையை அலசிக் காயப்போட்டு எனக்கு மாட்டிவிட்டாள். முழங்கால் வரை தொங்கியது. கைகளை மடித்துவிட்டாள். எவ்வளவு அலசியும் வைக்கோல் தூசி உள்ளே குத்தியது. பழைய வாசம் போய்விட்டது.

"ஆத்தா, அப்பா வந்தா திட்டாதா?" என்றேன்.

"வந்தா, மகன் போட்டிருக்கான்னு சந்தோசப்படுவாக. வராட்டி, மகன்தான் போடணும். ரெண்டுக்கும் சரியாத்தான் இருக்கும், போடு."

பிறகு விதைநெல்லை ஓலைப்பெட்டியில் கொட்டித் தலையில் வைத்துக்கொண்டு வயலுக்கு நடந்தாள். ஊரே வேடிக்கை பார்த்தது. தாலியறுத்தவள் விதையில் கை வைக்கக்கூடாது என்பது ஊர்ச் சட்டம். ஆத்தா தாலியறுத்தவளா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. வரப்பில் பெட்டியை இறக்கி வைத்து, "நீ எறி, மொதக் கை" என்றாள். நான் வரிச்சட்டையோடு வயலில் இறங்கி முதல் பிடியை வீசினேன். வெயில் காலில் சுட்டது. வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை.

"மழை வருமா ஆத்தா?"

"வந்தா மொளைக்கும். வீட்டுல வச்சிருந்தா வந்தாலும் மொளைக்காது."

தூவியதை மூட மாடு வேண்டும். பெண் ஏர் பிடிக்கக்கூடாது. எனக்குக் கலப்பை உயரம். ஆத்தா அதற்கு என்ன நினைத்திருந்தாள் என்று தெரியவில்லை. குருவிகள் இறங்க ஆரம்பித்த நேரத்தில் பெரியப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். எலும்பும் தோலுமான மாடுகள். வந்ததும் ஏரைப் பூட்டினார். இரண்டு சால் போனபிறகு என்னிடம் எரிந்து விழுந்தார்: "ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லு, மானத்தப் பாத்துக்கிட்டு நிக்காம குருவிய வெரட்டச் சொல்லி."

ஆத்தா துண்டை வீசிக் குருவியை விரட்டினாள்.

மழை பிந்தி வந்தது. கொடும்பாவி எரிந்ததால் வந்தது என்றார்கள் சிலர், சட்டையைக் கழற்றியதால்தான் பிந்தியது என்றார்கள் சிலர். அதிலும் முதலில் வந்தது அரை மழை. எங்கள் முளையில் பாதி கருகியது. மீதிப் பாதி எப்படியோ பிழைத்தது. ஆத்தா சொன்னதும் முழுக்கச் சரியாகவில்லை, ஊர் சொன்னதும் முழுக்கச் சரியாகவில்லை. அந்தப் பாதியில்தான் நாங்கள் தையைப் பார்த்தோம்.

எல்லாரும் பார்க்கவில்லை. மழைக்குப் பின்னால் காய்ச்சல் வந்தது. கார்த்திகையில் தங்கச்சி படுத்தாள். கசாயம், வேப்பிலை, கோயில் திருநீறு, எதற்கும் கேட்கவில்லை. ஒரு காலையில் ஆத்தா மடியிலேயே அடங்கிவிட்டாள். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இன்ன இடம், இன்ன நேரம் என்று எல்லாம் தெரிந்த சாவு. தெரிந்துவிட்டால் மனசு ஆறும் என்று பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தாரே, அதுவும் பொய்.

பெரியப்பா அவளைத் துண்டில் ஏந்திக்கொண்டு போனார். நான் வரிச்சட்டையோடு பின்னால் போனேன். குழியில் மண் தள்ளியபோது அவர் தரையில் விழுந்து அழுதார். "தம்பி, அடே தம்பி" என்று அழுதார். செத்தது தங்கச்சி, இவர் தம்பி என்று கூப்பிடுகிறாரே, எங்கிருந்தோ அப்பாவைக் கூப்பிட்டுச் சேதி சொல்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் ஆத்தாவும் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். ரங்கூன்காரர் வந்த நாளிலிருந்து ஒரு சொட்டு விடாதவள். எத்தனை பேருக்காக அழுதாள் என்று நான் கேட்டதில்லை.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் போனான். புதுக்கோட்டையில் ராஜா ஆட்சியும் போனது. அப்பா வரவில்லை. இறந்தார் என்றும் சேதி இல்லை. பெரியப்பா கடைசி வரை, அக்கரையிலிருந்து யார் திரும்பி வந்தாலும் போய்க் கேட்டுவிட்டு வருவார். எள்ளுத் தண்ணீர் பற்றி மறுபடி பேசவே இல்லை. ஆத்தா விதைத்தாள், அறுத்தாள், எனக்குக் கல்யாணம் செய்தாள், உங்களைத் தூக்கி வளர்த்தாள். உங்களோடு சேர்ந்து சிரித்தாள். எதையும் நிறுத்தி வைக்கவில்லை. அந்த நிலைமையோடு பழகிவிட்டாள் என்று நான் நினைத்தேன். ஒரு தடவை அதைக் கேட்டும் விட்டேன். "பழகலடா. பக்கத்துல ஒக்கார வச்சிக்கிட்டேன்" என்றாள். வரிச்சட்டை எனக்குச் சிறியதாகி, கிழிந்து, கைத்துணியாகி, ஒரு பொத்தான்கூட மிஞ்சாமல் போய்விட்டது. அதற்கும் அவள் வருத்தப்படவில்லை.

இனி அந்தப் பெண்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

குங்குமம் என்று சொன்னால், அப்பா இருக்கிறார் என்று நான் முடிவு செய்ததாகும். திருநீறு என்றால், அவள் அத்தனை வருஷம் தெருவில் பட்ட பேச்செல்லாம் வீண் என்று நானே கையெழுத்துப் போட்டதாகும். கொடும்பாவிக்கு முன்னால் சட்டியோடு நின்ற மாதிரியே நின்றேன். அப்புறம் சொன்னேன்.

"பொட்டு வைங்க. பூ வேணாம்."

"அதெப்படிப்பா, ஒண்ணு அப்படி, இல்ல இப்படி" என்றாள் ஒருத்தி.

"அவ இருந்த மாதிரியே போகட்டும்" என்றேன்.

அது ஆவணி மாதம். நாம் அவளைத் தூக்கிக்கொண்டு வரப்பு வழியே போனபோது, பம்புசெட்டு இல்லாத, மழை காணாத வயல்களில் ஆட்கள் புழுதி விதைத்துக்கொண்டிருந்தார்கள். நம்மைக் கண்டதும் விதைப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். நாம் கடந்து போனதும் மறுபடி எடுத்துக்கொண்டார்கள்.